செகண்ட்ஸ்

பதினொரு மணி டீக்கு முன்னால் போன் வந்தது.
செக்கிங் டேபிளில் எடுக்கக் கூடாது.
நூல் கத்தரி கழுத்தில் தொங்க
பாத்ரூமுக்குள் நின்று பேசினேன்.
"சித்தெ வந்துட்டுப் போயிருங்க" என்றார் ரெஜினா டீச்சர்.
அரை நாள் கூலி போச்சு.

வேலம்பாளையம் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு.
என் மகள் மௌனிகா
பக்கத்தில் உட்காரும் பிள்ளையை நிற்க வைத்து,
காலரைத் திருப்பி, அக்குள் தையலை இழுத்துப் பார்த்து,
பெஞ்சின் அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச்
சொன்னாளாம்: "இது செகண்ட்ஸ்."

"எங்கிருந்துதான் கத்துக்குதுகளோ" என்றார் டீச்சர்.
நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு பனியன்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தாண்டிப்போன தையல்
கண்ணில் பட்டதும் கை எறிந்துவிடும்.
வீட்டுக்கு வந்தும் அந்தக் கை அடங்குவதில்லை.
யூனிபார்ம் மாட்டும்போது தோளைத் திருப்பிப் பார்க்கும்,
நோட்டில் ஓர் எழுத்து சாய்ந்தால் பக்கத்தைக் கிழிக்கும்.
போனஸ் வராத ராத்திரி
அவள் அப்பாவைப் பார்த்தே அந்த வார்த்தையைச் சொன்னேன்,
பிள்ளை தூங்கிவிட்டாள் என்று நினைத்து.

டீச்சரின் சுவரில் ஒரு சார்ட் இருந்தது:
பச்சை நட்சத்திரம், மஞ்சள் நட்சத்திரம்,
கீழே சில பெயர்களுக்கு எதிரே வெறும் கட்டம்.
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
உள்ளே நுழைந்ததும் நான் அங்கே தேடியது
என் மகளின் நிறத்தைத்தான்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்.
லிபிகா. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், அப்பா சாயப்பட்டறையில்.
அழுது வீங்கியிருப்பாள் என்று பார்த்தால்
இரண்டு விரலை நிமிர்த்திக் காட்டுகிறாள்:
"மௌனி ஃபர்ஸ்டுங்க. நான் செகண்டுங்க.
சரிதானுங்க ஆன்ட்டி?"

அந்த 'ங்க' என் மகளுடையது.
ஒரு பிசிறு இல்லாமல் வாங்கியிருக்கிறாள்.
இவளோ போகிற வழியெல்லாம்
ஏக், துய், தினி என்று
மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள்;
யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்,
என்னை முட்டாளைப் போலப் பார்த்தாள்.

டீச்சரும் நானும்
கிளம்பும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவள்
நான் ஒன்றும் சொல்லாமலே
முதுகைக் காட்டித் திரும்பி நின்று
இரண்டு கைகளையும் விரித்தாள்.
தினமும் இப்படித்தான் நிற்கிறாளா?

கத்தரியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.
"போதும் அம்மிணி, உள்ளே போ" என்றேன்.
அப்புறமும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.