கடைசிப் பெயருக்குக் கீழே

சிலிம் ரிவரில் டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே ஆ செங் ஷட்டரை இழுத்துவிட்டுப் போனபின்
ரப்பர் நெடி மட்டும் படியேறி வருகிறது.
மேசையில் ஆறிப்போன கோப்பி ஓ.
திரையில் நூற்றுப் பதினேழு பெயர்கள்.

மூடிய தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு
வீடு தரப்போவதாகச் சொல்லும் பட்டியல்.
நடவடிக்கைக் குழு இருதயராஜ்
நீல அட்டை நோட்டில் எழுதிக் கொண்டுவந்தார்.
“கீழ நம்ம போன் நம்பர் எப்பவும் தெரியணும்மா.
ஆளுங்க தேடிக்கிட்டு இருக்கக்கூடாது.”

அந்தக் ‘கீழ’தான் சிக்கல்.

டிவிஷன் வாரியாகப் பிரித்தேன்.
முதல் டிவிஷனில் அறுபத்திரண்டு பேர்,
பக்கம் நீண்டு, அடிப்பட்டை அடியில்
ஒழுங்காய் உட்கார்ந்தது.
நாலாம் டிவிஷனில் மூன்றே பேர்.
பட்டை மேலேறி வந்து
மூன்றாமவர் காலடியில் நின்றது.
அதற்குக் கீழே, மறுநடவுக்குச் செம்பனை சாய்த்த
நிலம் போல வெறும் வெள்ளை.

சரி, திரையின் அடியோடு ஆணியடித்துவிடு என்று
ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி எழுதினேன்.
எவ்வளவு உருட்டினாலும் அசையவில்லை.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போன்.
“வேதவல்லி பேசுறேன், மூணாவது டிவிஷன்.
முப்பத்தோரு வருஷம் பால்மரம் வெட்டியிருக்கேன்.
எம்பேரு இல்லையே?”

இருந்தது.
அகர வரிசையில் கடைசி என்பதால்
பட்டைக்கு அடியில் படுத்திருந்தது.
எந்த எண்ணைப் பார்த்து என்னைக் கூப்பிட்டாரோ
அந்த எண்தான்
அவர் பெயரை மறைத்துக்கொண்டிருந்தது.

முதல் டிவிஷனின் கடைசிப் பெயரும் அப்படித்தான்.
அவர் கூப்பிடவில்லை.
ஏன் என்று இருதயராஜிடம் நான் கேட்கவில்லை.

பிறகு ஸ்கிரிப்ட்டிடம் போனேன்.
சன்னலின் உயரம் எவ்வளவு, பட்டியல் எவ்வளவு,
கழி, மிச்சத்தை இடைவெளியாகத் தள்ளு,
சன்னல் சுருங்கினால் திரும்ப அள.
புதிதாய் வேலைக்கு வந்த மண்டோர் மாதிரி
ஒவ்வொரு அசைவுக்கும் அது
அளவுக்கயிறோடு ஓடியது.

இருதயராஜின் பழைய போனில் காட்டினேன்.
பெயர் தேட அவர் விரல் வைத்ததும்
எழுத்துப்பலகை எழும்பி, திரை பாதியாகி,
பட்டை ஒரே துள்ளலில்
தேடும் பெட்டியின் மேல் குந்திக்கொண்டது.
“என்னம்மா இது, பூனையா?” என்றார்.

மூன்றாம் இரவு, மழை.
மின்சாரம் போய் வந்த பிறகு
எழுபது வரி ஸ்கிரிப்ட்டையும் அழித்தேன்.
பக்கத்திடம் சொன்னேன்:
குறைந்தது திரையளவு உயரமாய் இரு,
உன்னிடம் உள்ளவை மேலிருந்து கீழாக நிற்கட்டும்.
நடுப்பகுதியிடம் சொன்னேன்:
மிஞ்சிய இடமெல்லாம் உனது, விரிந்துகொள்.
பட்டையிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

மூன்று பேர் என்றால் நடுப்பகுதி நீள்கிறது.
அறுபத்திரண்டு என்றால்
பட்டை திரைக்கு வெளியே நிற்கிறது,
கடைசி ஆள் கடந்துபோகும் வரை.
எப்பவும் தெரியணும் என்றாரே?
நம்பரைத் தூக்கித் தலைப்பிலும் போட்டேன்.
அது நாலாவது வரி.

விடியும்வரை பொறுத்து அவரைக் கூப்பிட்டேன்.
“இப்ப பாருங்கக்கா.”
அந்தப் பக்கம் யாரோ தாளிக்கும் சத்தம்.
கோலாலம்பூர் போகிற ரயில்
இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

“தெரியுதும்மா.
ஆனா வள்ளின்னு போட்டிருக்க. நான் வல்லி.”
நோட்டிலேயே அப்படித்தான் இருந்தது என்றேன்.
ஐசியில் ஆங்கில எழுத்து,
அங்கே இரண்டும் ஒன்றுதானே என்றேன்.

“ஐசிக்கு ஒண்ணுதான்.
எனக்கு இல்ல.”

ஓர் எழுத்தை மாற்றினேன்.
பட்டை நகரவில்லை.