செப்டம்பர் இரண்டு

இட்வால் பிறந்தது முப்பத்துமூன்றாம் வருடம்
ஆகஸ்ட் முப்பது, புதன்கிழமை.
எய்ர்லிஸ் அடுத்த புதன்.
ஒரு வாரம் மூத்தவன் என்ற உரிமையில்
வானொலியைத் திருகும் அதிகாரம்
கடைசிவரை அவனிடமே இருந்தது.

வேல்ஸின் வடக்கே, பிளைனை ஃபெஸ்டினியோக்.
கற்பலகைக் குவியல்களுக்கு நடுவே
மழை குடியிருக்கும் ஊர்.
ஆறு வயதில், பள்ளியில், ஒரே பெஞ்சில்
இருவருக்கும் ஒரே வாரம் சின்னம்மை.
யாரிடமிருந்து யாருக்கு?
கல்யாணத்துக்குப் பிறகும் தீராத வழக்கு.
"நீ தந்தது" என்பாள்.
"நீ தந்ததைத் திருப்பித் தந்தேன்" என்பான்.

கொப்புளங்கள் உதிர்ந்தன.
வந்தது போகவில்லை.
தண்டுவடத்தின் ஓரம், நரம்பு முடிச்சுகளில்
விளக்கணைத்துப் படுத்துக்கொண்டது.
என் மொழியில் அதற்கு அம்மை என்று பெயர்.
தாய்க்கும் அதே சொல்தான்.
ஒருமுறை வந்தால் வீட்டைவிட்டுப் போகாதவள்
என்று பொருள் சொன்னால்
எந்த வைராலஜிஸ்டும் மறுக்கமாட்டார்.

முதுமையில் அது விழித்தால் அக்கி.
எங்கள் பக்கம் அக்கியை எழுதுவார்கள்;
குயவர் செம்மண் குழைத்து
எரியும் விலாவில் ஒரு சிங்கம் வரைவார்.
வேல்ஸில் ஊசியால் எழுதினார்கள்.
இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஓர் அறிவிப்பு:
முப்பத்துமூன்று செப்டம்பர் இரண்டு,
அன்றும் பின்னும் பிறந்தவர்கள் வரலாம்.
முந்தியவர்களுக்கு இல்லை.
எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டுமே.

எய்ர்லிஸ் உள்ளே போனாள்.
இட்வால் காரில் பிளாஸ்கைத் திறந்து
தேநீர் குடித்தபடி ரக்பி கேட்டான்.
"இளையவளாய்ப் பிறந்ததில்
முதல்முறையாக உனக்கு லாபம்" என்றான்
அவள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தபோது.

கார்டிஃபில் ஒரு மேசையில்
நெரிஸ் கணக்குப் பார்க்கிறாள்.
அவளுக்கு இவர்களைத் தெரியாது.
திரையில் புள்ளிகள், நடுவே அந்தக் கோடு.
இப்பக்கமும் அப்பக்கமும்
ஒரே ரொட்டி, ஒரே நிலக்கரிப் புகை, ஒரே போர்க்காலம்.
ஆனால் ஊசி ஏற்றவர்களில்
மறதி நோய் ஏறக்குறைய
ஐந்தில் ஒரு பங்கு குறைவு.
மூன்று முறை கூட்டிப் பார்க்கிறாள்.
ஏனென்று இன்னும் உறுதியாய்த் தெரியவில்லை.
உறங்கும் கிருமி அவ்வப்போது புரண்டு படுக்கையில்
மூளைக்குள் தீப்பொறி விழுகிறதோ,
இல்லை, ஊசி எழுப்பிய காவல்காரர்கள்
வேறு கதவுகளையும் பார்த்துக்கொள்கிறார்களோ.
"ஓ" என்ற கேள்வி எழுத்து
அவள் வாக்கியங்களின் கடைசியில் நிற்கிறது.

இட்வால் சான்று அல்ல.
ஊசி போட்டும் பெயர் மறந்தவர் உண்டு.
போடாமல் தொண்ணூறிலும்
சீட்டாட்டத்தில் ஏமாற்றுபவர் உண்டு.
இதை எய்ர்லிஸும் அறிவாள்.
இருந்தாலும் செய்தித்தாளைப் படித்த அன்று
விரல்விட்டு எண்ணினாள்:
முப்பது, முப்பத்தொன்று, ஒன்று, இரண்டு.
மூன்று நாள் பொறுத்திருக்கலாம் அவன் அம்மா.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவன்.
கிரிமியா கணவாய் வழியே
பனியிலும் லாண்டிட்னோ போய்த் திரும்பியவன்.
வீட்டில் வெல்ஷ், வெளியூர்க்காரர்களுக்கு ஆங்கிலம்
என்பது அவன் வாயின் வழக்கம்.
நவம்பரில் ஒரு காலை
கஞ்சிக் கிண்ணத்தை வைத்தவளிடம்
மிகுந்த மரியாதையோடு
ஆங்கிலத்தில் நன்றி சொன்னான்.

அன்று அவள் அழவில்லை.
அடுப்பைத் துடைத்தாள்.
துடைத்ததையே துடைத்தாள்.

இப்போதெல்லாம் மாலையில்
அவன் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி போட்டு
பயணியாக உட்கார்ந்துகொள்கிறாள்.
டோல்விதெலன் தாண்டும்போது
(ஒவ்வொரு வளைவுக்கும் அவன் தோள் சாய்கிறது)
குனிந்து, காதோரம், வெல்ஷில் சொன்னாள்:
"நான்தான் தந்தேன், இட்வால்.
உனக்கு முதல் நாளே எனக்குக் காய்ச்சல்.
அம்மாவிடம் சொல்லாமல் பள்ளிக்கு வந்தேன்."

எண்பது வருட வழக்கு.
அவன் திரும்பவில்லை, சாலையில் கவனம்.
"சில்லறை இருக்கிறதா, மேடம்?"
என்றான் ஆங்கிலத்தில்.