எட்டுக் குளிசை

காலை ஆறரை. எட்டுக் குளிசை.
சின்னது, வெள்ளை, நாக்கில் பட்டால் வேம்பு.
மல்லாவிச் சந்தியில் இரண்டாம் பஸ் ஹோர்ன் அடிக்கும்போது
அது என் ஈரலுக்குள் இறங்கியிருக்கும்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சொன்னது இவ்வளவுதான்:
"சாப்பிட்டுப்போட்டு எடுங்கோ.
திடீரெண்டு நிப்பாட்டாதேங்கோ."
மிச்சத்தை நானே தேடி வாசித்தேன்,
இரசாயனம் படிப்பிக்கிறவளின் கெட்ட பழக்கம்.

மருந்து கலத்தின் கதவைத் தட்டுவதில்லை.
கடதாசியில் எண்ணெய் ஊறுவதுபோல் உள்ளே போகிறது.
அங்கே சும்மா நிற்கும் ஒரு புரதத்தின் கையைப் பிடித்துக்
கருவுக்குள் கூட்டிப்போகிறது.
சில பக்கங்கள் திறக்கின்றன.
சில மூடிக்கொள்கின்றன.

ஒரு மரபணு சில மணித்தியாலம் துள்ளி எழுந்து
மருந்து இருக்கும்போதே அடங்கிவிடுகிறது.
இன்னொன்று மூன்றாம் நாள்தான் திரும்பிப் பார்க்கிறது,
பிறகு இறங்குவதேயில்லை.
ஈரல் கரும்பில்லாமல் சீனி காய்ச்சுகிறது
என் தொடைத் தசையை எடுத்து.
மருந்தைக் கைபிடித்த புரதங்களையே
மெல்லக் குறைத்தும் கொள்கிறது.
முறைவைத்துத் திறக்கும் வவுனிக்குளத்து வாய்க்காலுக்கும்
இத்தனை கணக்கு இல்லை.

மீன் சந்தையில் புவனமலர்:
"ரீச்சர் நல்லாக் கொழுத்திட்டியள், இப்பதான் வடிவு."
சிரிக்கப் பார்த்தேன்.
கன்னம் இடம் விடவில்லை.

அந்த ஆய்வில் ஒரு வரைபடம் இருந்தது.
ஆறு மணித்தியாலம், பத்து, ஒரு நாள், ஏழு நாள்.
புள்ளிகளைத் தொடுத்து வழவழவென்று ஒரு கோடு.
அடிக்குறிப்பைப் பிறகுதான் கண்டேன்.
ஈரலை வெளியே எடுத்தால்தான் அளக்கலாம்.
ஒவ்வொரு புள்ளியும் வேறு வேறு எலிகள்.
ஆறாம் மணியின் எலிக்குப் பத்தாம் மணி தெரியாது.
கோடு முழுதும் வாழ்ந்த எலி
ஒன்றுமில்லை.

தருமபுரம் வரைக்கும் அப்பா.
விசுவமடு வரைக்கும் தேவசகாயம் அண்ணை.
இரணைப்பாலை வரைக்கும் கைக்குழந்தையோடு நிரஞ்சனி.
யாராவது வந்து, ஒலிப்பதிவை அழுத்திவிட்டு,
"தொடக்கத்திலிருந்து சொல்லுங்கோ" என்பார்கள்.
நான் தொடுத்துத்தான் சொல்வேன்.
வழவழவென்று.

இரவு இரண்டு மணி. அந்தப் பசி.
இது பசியல்ல, எங்கோ திறந்த ஒரு பக்கம் என்று தெரியும்,
தெரிந்தும் எழும்புகிறேன்.
திங்கள் முதல் ஏழு என்று எழுதித் தந்திருக்கிறார்.
உயர்தரப் பிள்ளைகளின் கொப்பிகள் திருத்தாமல் கிடக்கின்றன.
பாண் முடிந்துவிட்டது.