பத்தடி

டப்பாவைத் திறந்ததும் கற்பூர வாசம்.
பக்தி ஒன்றுமில்லை. அந்தக் காலத்துப் பிலிமைக்
கற்பூரம் கலந்துதான் செய்தார்கள்.
எரிந்தால் மிச்சம் வைக்காத ஜாதி.

ராச்செஸ்டர், ஜனவரி.
ஏரி அனுப்பிய பனி மூன்றாம் நாளாக விழுகிறது.
உள்ளே நான், பருத்திக் கையுறை, விளக்குப் பலகை,
1912 என்று பென்சிலில் எழுதி
யாரோ கேள்விக்குறி போட்ட ஒற்றைச் சுருள்.

ஒருவன் இன்னொருவன் முகத்தில் கையுறையை எறிகிறான்.
ஏன் என்று சொல்லும் எழுத்து அட்டை உதிர்ந்துவிட்டது.
காதலோ, சீட்டாட்டமோ, தகப்பன் பெயரோ.
காரணம் போனபின்னும் மானம் மட்டும்
விறைப்பாக நிற்கிறது, கழுத்துப் பட்டியோடு.

விடியற்காலை. பிரான்ஸ் என்று நாம் நம்ப வேண்டும்.
ஆனால் அது ஃபோர்ட் லீயின் பாறை விளிம்பு;
கீழே ஹட்சனில் ஒரு நீராவிப் படகு
புகைவிட்டபடி பிரெஞ்சுக் காலையைக் குறுக்கே கடக்கிறது.
இதே கரையில், சில மைல் தெற்கே,
நிஜமாகவே சுட்டுக்கொண்டு செத்தவர்கள் உண்டு.
கேமராக்காரனுக்குத் தெரிந்திருக்கும். சொல்லியிருக்க மாட்டான்.

முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள்.
முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி
வடக்கு நோக்கிப் பட்டினி கிடந்த அரசன்
எங்கள் பக்கத்தில் உண்டு.
இவர்களோ
முதுகிலிருந்துதான் மானத்தைத் தொடங்குகிறார்கள்.

பத்து அடி நடக்க வேண்டும்.
ஓர் அடிப் பிலிமில் பதினாறு சட்டகம்;
ஓர் அடி வைக்க ஏறக்குறைய ஓர் அடிப் பிலிம்.
என் மொழியில் பாதமும் அடி, அளவும் அடி,
வாங்குவதும் அடி, இதோ எழுதுவதும் அடி.
வெய்னிடம் இதை விளக்கப் பார்த்தேன்.
"நைஸ்" என்றான், காப்பி எடுக்கப் போனான்.

ஏழாம் அடியில் அழுகல்.
தேன் நிறத்தில் பொங்கி
இடப்பக்கத்தவன் தோளைத் தின்கிறது, பிறகு தொப்பியை,
குண்டுக்கு முன்பாகவே.
எட்டு. ஒன்பது.
மற்றவன் தனியாக நடக்கிறான்.

பின்னால் இருவரின் கோட்டையும் ஏந்திய சிறுவன்
நம்மைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறான்.
பதினொரு சட்டகம்.
நூறு வருஷம் தாண்டி எனக்கும் தொற்றுகிறது.

பஃபலோவில் ஜெபராணி இருக்கிறாள். எழுபத்தைந்து மைல்.
அவள் மகளின் திடப்படுத்தல் விருந்தில்
பிரியாணித் தட்டோடு, எட்டுப் பேர் முன்னால்,
"இவ சிரிக்கிறதக்கூட எண்ணித்தான் சிரிப்பா" என்றாள்.
எண்ணுவது என் தொழில்.
அன்றைக்கு அது வசவு.
தட்டை வைத்தேன், வாசலுக்குப் போனேன்.
முப்பது ஜோடி பூட்ஸுக்கு நடுவே
என்னுடையது அகப்பட நேரமாயிற்று.
இடது கிடைத்தது. வலது கிடைக்கவில்லை.
மானத்தோடு வெளியேறுவது
நினைத்த வேகத்தில் நடக்கவில்லை.

ஆறு வருஷம். இருவரும் நடந்துகொண்டே இருக்கிறோம்.
எண்ணிச் சொல்ல ஆளில்லாத சண்டையில்
எந்த அடியில் திரும்புவது?

பத்தாம் அடி இருந்த இடத்தில் ஓர் ஒட்டு.
யாரோ, என்றோ, வெட்டி எடுத்திருக்கிறார்கள்.
அடுத்த சட்டகத்தில் வெறும் புகை.
அப்புறம் ஒருவன் விழுகிறான்,
விழுமுன் குனிந்து பார்க்கிறான்
சேறில்லாத இடமாக.
எவன் என்று தெரியவில்லை, முகத்தை அழுகல் கொண்டுபோயிற்று.
சிறுவன் கையில் இன்னும் இரண்டு கோட்டு.
எதை யாரிடம் கொடுப்பதென்று
திரும்பித் திரும்பிப் பார்க்க, சுருள் முடிகிறது.

படிவத்தில் எழுதினேன்:
சுருக்கம் ஒன்றரை விழுக்காடு. அழுகல், நடுத்தரம்.
பத்தாம் அடி இல்லை.

கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்,
எறியவில்லை.
இந்த அறைக்குள் போன் கூடாது;
அலமாரி நடைவழிக் கோடியில் இருக்கிறது.
எத்தனை அடி என்று எண்ணவில்லை.
பஃபலோவில் எவ்வளவு பனி என்று
பார்க்கத்தான்.