கை இறுக்கம்

ஆறு மணிக்கு மின்வெட்டு. இப்போது நாலே முக்கால்.
கோயில் வளாகத்துப் புல் கணுக்கால் தாண்டிவிட்டது,
ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள்.
நான் டோங்காட்டில், என் கராஜ் தரையில்,
உரச்சாக்கு விரித்து மல்லாந்து கிடக்கிறேன்
புல்வெட்டும் டிராக்டரின் வயிற்றுக்கு அடியில்,
ஓர் ஆயில் ஃபில்டரோடு முகத்துக்கு முகம்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற தகரக் குடுவை.
பழைய எண்ணெய் எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவில் வடிந்தாயிற்று,
ஆலையின் கழிவுப்பாகு மாதிரி கறுத்து.
இது ஒன்றுதான் பாக்கி.

முதலில் வெறும் கை. வழுக்கியது.
பிறகு துணி. பிறகு உப்புத்தாள், சொரசொரப்பு உள்ளே இருக்க.
பிறகு சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி.
சங்கிலி ஸ்பேனர் நுழையவே இல்லை:
சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே மூன்று விரல் சந்து.
இதை வரைந்த மகராசன்
வாழ்நாளில் ஒன்றைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான்.
அவனுக்கு வாய்விட்டு ஒரு வாழ்த்துச் சொன்னேன்.

சத்தம் கேட்டு ல்வாசி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான்,
பக்கத்து வீட்டு ம்கீஸேயின் பையன்.
"ஆன்ட்டி, எந்தப் பக்கமாகத் திருப்புகிறீர்கள்?"
நியாயமான கேள்வி. மல்லாந்து படுத்தால்
இடமும் வலமும் சம்பந்தி கலந்துகொள்ளும்.
காற்றில் விரலால் வட்டம் போட்டுப் பார்த்தேன்.
சரியான பக்கம்தான்.
அதுதான் கடுப்பு.

ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் மூன்று அடி.
ஒரு விலாவில் நுழைந்து மறு விலாவில் வந்தது.
நெம்பினேன். தகரம் சாக்லேட் தாளாய்க் கிழிந்தது,
ஃபில்டர் நின்ற இடத்தில் நின்றது.
முழங்கை வழியாக எண்ணெய் அக்குளுக்கு இறங்கியது.
கூரைமேல் ஹடீடா ஒன்று கத்தியது, சிரிக்கிற மாதிரி.

எந்தக் கழுதை இதை இப்படி இறுக்கியது?

கேட்டு வாய் மூடுமுன் ஞாபகம் வந்துவிட்டது.

போன ஜூலை. இதே சாக்கு.
ஃபோன் முன் டயர்மேல், ஸ்பீக்கரில், பெர்த்திலிருந்து நீர்வாணி:
வீட்டை விற்றுவிடலாமே அக்கா.
அரைச் சுற்று.
நீ ஒருத்திக்கு எதற்கு நாலு அறை.
இன்னும் அரை.
அப்பா கடைசி வருஷம் நானும்தானே பணம் அனுப்பினேன்.
அதற்கு நான் சொன்ன பதிலை எழுத மாட்டேன்.
சங்கிலி ஸ்பேனரால் இறுக்கினேன்,
(அப்போது எப்படி நுழைந்ததோ, கோபம் ஒல்லியாக இருக்கும்போல)
ரப்பர் வளையத்துக்கு எண்ணெய் தடவக்கூட இல்லாமல்.

ஆக, ஒரு மணி நேரமாக
என் கையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ல்வாசி உளி கொண்டுவந்தான். அடித்தட்டின் விளிம்பில் வைத்து
பொறுமையாக, ஒரே திசையில், தட்டு, தட்டு.
பதினோராவது தட்டில் ஒரு சின்ன முனகல்.
பிறகு இரண்டு விரலாலேயே சுழன்று வந்தது
வெட்கமே இல்லாமல்.

வளையம் மட்டும் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
அதைப் பார்க்காமல் புதுசைப் பூட்டியிருந்தால்
கோயில் வாசல்வரை எண்ணெய்க் கோலம்தான்.
நகத்தால் உரித்தெடுத்தேன். கையில் மாட்டிப் பார்த்தேன்.
எனக்கு ஏறவில்லை.
இரண்டேகால் இஞ்ச். நீர்வாணி அளவு.

புது ஃபில்டர்: வளையத்தில் ஒரு விரல் எண்ணெய்.
தொடும்வரை சுற்று. தொட்டபின் முக்கால் சுற்று, கையால்.
அங்கே நிறுத்தவேண்டும்.
நிறுத்தினேன். கை இன்னும் கொஞ்சம் கேட்டது.

இன்ஜினைப் போட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து,
குந்தி உட்கார்ந்து பார்த்தோம், நானும் பையனும்,
அடுப்பில் பாலை வைத்தவர்கள் மாதிரி.
ஐந்து நிமிஷத்தில் தாளில் கறுப்பாய் ஒரு புள்ளி.
தொட்டேன். பொடிந்தது.
மேற்கே கரும்புக்காட்டை எரிக்கிறார்கள்.
சாம்பல்.