ஜீரோ பாத்துக்கங்க

புதுவயல் பங்கில்
ஒரு நாளைக்கு முந்நூறு தடவை இதைச் சொல்கிறேன்.
யாரும் பார்ப்பதில்லை.
போனைப் பார்ப்பார்கள்,
என் சட்டையில் குத்தியிருக்கும்
ஜெசிந்தா என்ற பெயரைப் பார்ப்பார்கள்,
எதிர் ரைஸ் மில்லிலிருந்து பறந்து வந்து
கண்ணாடியில் ஒட்டும் உமியைப் பார்ப்பார்கள்.

மைலேஜ் என்றால் மட்டும் எல்லோருக்கும் வாய் உண்டு.
சம்பளம் போலத்தான் அதுவும்,
பெண் வீட்டாரிடம் கூட்டி
வரி ஆபீசில் குறைத்து.
கம்பெனிக்காரன் இருபத்தாறு என்பான்.
அவன் ஓட்டிப் பார்த்த ரோட்டில்
மாடு படுத்திருக்காது.
பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு எட்டுப் பேரும்
டிக்கியில் ஓர் அண்டாவும் ஏறியிருக்காது.
நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடும் அசாருதீன்
"பதினெட்டு தருதுக்கா" என்பான்.
அவன் வண்டி ஃபுல் டேங்கைக் கண்டதே இல்லை.
எதை எதால் வகுத்தானோ.

வயிரவன் சார் அப்படியில்லை.
சின்ன டீசல் வண்டி, பதினோரு வயசு.
முதல் 'டக்'கோடு நிறுத்தச் சொல்வார்.
ரூபாயை ரவுண்டு பண்ண விடமாட்டார்.
வண்டியைக் குலுக்கிக் குலுக்கி
இன்னும் அரை லிட்டர் இறக்குகிற ஆளும் இல்லை.
டாஷ்போர்டிலிருந்து நோட்டு வரும்.
கிலோமீட்டர், லிட்டர், ஒரு கோடு, விடை.
இருபது புள்ளி ஆறு.
"ஏசி போட விட்டாத்தானே குறையும்?
நான் வெந்து மிச்சம் பிடிச்ச டீசலு அது"
என்பார் பக்கத்து சீட்டிலிருந்து ஆச்சி,
என்னைப் பார்த்து.
அவர் நோட்டை மூடிக்கொள்வார்.

ஆடிக்குப் பிறகு ஆச்சி வரவில்லை.
அந்த சீட்டில் ஒரு வயர் கூடை.
கூடைக்கும் பெல்ட் போட்டிருந்தது.

ஐப்பசியில் ஒருநாள்
இருநூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர்,
பதினெட்டு புள்ளி ஒன்பது லிட்டர்.
பதினான்கு புள்ளி இரண்டு.
மூன்று முறை வகுத்தார்.
"உங்க பம்புல அளவு குறையுதும்மா."

ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்து வந்து
அவர் முன்னால் பிடித்துக் காட்டினேன்.
குனிந்தார், கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.
டீசல் கோட்டில் வந்து நின்றது, இம்மி பிசகாமல்.
டயரில் காற்று பார்த்தோம், சரியாக இருந்தது.
ஃபில்டர் போன மாசம் மாற்றியது.
பிரேக் பிடிக்கிறதோ என்று நியூட்ரலில் தள்ளினோம்,
ஒரு கை போதும், உருண்டது.
"அப்ப இன்ஜெக்டர்" என்றார்,
யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில்.

எனக்கு ரெண்டு மணியோடு ஷிஃப்ட் முடியும்.
கோட்டையூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம்.
ஊருணிக் கரையில் அந்த வண்டி நின்றது.
நாலு கண்ணாடியும் ஏற்றி, இன்ஜின் நடுங்க.
அடியில் செம்மண்ணில்
ஏசித் தண்ணீர் சொட்டிச் சொட்டி
ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம்.
மறுநாளும் நின்றது.
அந்த ஈரத்தில் ஒரு மைனா குடித்துக்கொண்டிருந்தது.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
பழைய மைலேஜுக்குப் பதின்மூன்று லிட்டர் போதும்.
மிச்சம் ஆறு, சொச்சம் குறைய.
ஏசியோடு சும்மா நிற்கிற வண்டி
மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்பார்
மெக்கானிக் துரைசிங்கம்.
ஆறு மணி நேரம்.
இருநூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டருக்கு நடுவில்
ஆறு மணி நேரம், எங்கேயும் போகாமல்.
அவர் நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இன்று வந்தார். பதின்மூன்று புள்ளி எட்டு.
"ஆயில் மாத்திப் பாக்கணும்" என்றார்.
"பாருங்க சார்" என்றேன்.
வேறென்ன சொல்ல?
"ஜீரோ பாத்துக்கங்க."
பார்த்தார். அவர் மட்டும்தான் பார்ப்பார்.

பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க
பில்லை நீட்டும்போதுதான் கவனித்தேன்:
கூடைப் பக்கத்து ஏசி வாய் முழுக்கத் திறந்திருந்தது,
அவர் பக்கத்தது மூடியிருந்தது.
செகண்டில், ஆக்சிலரேட்டரை நோகாமல் மிதித்து
உச்சி வெயிலில் ஏறினார்,
கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டு.