நிலுவையின்மைச் சான்றிதழ்

பதினோரு கையெழுத்து வேண்டும்.
நூலகம், விடுதி, கூட்டுறவுக் கடன் சங்கம்,
தேசிய மாணவர் படை.
நான் துப்பாக்கி எதுவும் எடுத்துப்போகவில்லை என்று
ஒரு சுபேதார் உறுதி சொன்னார்.
விலங்கியலில் தவளை பாக்கி இல்லை.
முத்திரை குத்திவிட்டு அங்கிருந்த பெண் கேட்டாள்:
"ஃபிலாசஃபி இன்னும் இருக்கா மேடம்?"
வெள்ளிக்கிழமை வரைக்கும், என்றேன்.

முப்பத்தொரு வருடம்.
முதல் நான்கு மணிக்கணக்கில்:
ஒரு மணிக்கு அறுபது ரூபாய்.
கடவுள் உண்டு என்கிற வாதத்துக்கும்
இல்லை என்கிற வாதத்துக்கும் அதே விலை.
பிறகு நிரந்தரம்.
எங்கள் பாடத்தில் சிரிப்பு வரவழைக்கும் சொல்;
சம்பளப் பட்டியலில் சிரிக்காமல் அச்சடித்திருந்தார்கள்.

வணிகவியல் கிடைக்காதவர்கள் வந்தார்கள்.
பஸ் பாஸுக்காக இருவர்.
விளையாட்டு ஒதுக்கீட்டில் கபடிக்காரர்கள்
முட்டியில் பிளாஸ்திரியோடு பின்வரிசையில் தூங்கினார்கள்.
எழுப்பியதில்லை.
விழிப்பு, கனவு, உறக்கம் என்று
பலகையில் நான் எழுதிய மூன்றில்
ஒன்றையாவது செய்முறையாகச் செய்தார்கள்.

நந்தனத்தில் மெட்ரோவுக்காக பூமியைத் துளைத்த வருடங்களில்
காரண காரியம் நடத்தும்போதெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்தது.
அதற்கு மேல் உதாரணம் தேவைப்படவில்லை.

என் ஆய்வு இன்மையைப் பற்றியது.
தரையில் பானை இல்லை.
இல்லை என்பதை எதைக்கொண்டு அறிகிறோம்?
இல்லாததைக் கண் எப்படித் தொடும்?
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில்.
வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர் நிபுணர்
போண்டாவைப் பிட்டபடி "ரொம்ப அவசியம்" என்றார்.
எது என்று சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில்
அடையாறு கோட்டூர்புரம் வீட்டுக்குள் வந்து
அலமாரியின் இரண்டாம் தட்டுவரை வாசித்துவிட்டுப் போனது.
நான்காம் நாள் கதவைத் திறந்தேன்.
இன்மைக்கு ஒரு வாடை உண்டு.
ஆய்வேட்டில் அதை எழுதியிருக்கவில்லை.

தரமதிப்பீட்டுக் குழு வந்தது.
"படித்தவர்களின் வேலைவாய்ப்பு விவரம்?"
ஒருவர் பத்திரப் பதிவில், ஒருவர் ஏட்டு,
ஒருத்தி பாரிமுனையில் மூக்குக்கண்ணாடி மொத்த வியாபாரம்.
"துறை சார்ந்து?" என்றார்கள்.
மூக்குக்கண்ணாடியை மறுபடியும் சொன்னேன்.
அடுத்த ஆண்டுச் சேர்க்கைப் படிவத்தில்
எங்களுக்கான கட்டம் இல்லை.

கடைசிக் கையெழுத்து வேதியியல்.
நான் படியேறாத ஒரே கட்டடம் என்று நினைத்திருந்தேன்.
ஆய்வக உதவியாளர் எபனேசர் பேரேட்டைப் புரட்டி
ஒரு வரியில் விரலை நிறுத்தினார்:
"கண்ணாடிக் குடுவை, இருநூற்றைம்பது மில்லி, ஒண்ணு.
தொண்ணூத்தெட்டு ஆகஸ்ட். உங்க கையெழுத்துதானே?"

என்னுடையதுதான். இப்போதையதைவிடத் தெளிவானது.
பானை கிடைக்காமல் கடன் வாங்கியது.
மேசைமேல் வைத்தேன். எடுத்துப் பைக்குள் போட்டேன்.
இப்போது என்ன பார்க்கிறீர்கள்?
"மேசை" என்றான் ஒருவன்.
"மேசை மட்டும்" என்றாள் அமீதா பர்வீன்.
அந்த 'மட்டும்' எங்கிருந்து வந்தது என்பதிலேயே
பருவம் பாதி போனது.
ஒருநாள் பின்வரிசையிலிருந்து தேசப்பன் எழுந்தான்,
கன்னத்தில் டெஸ்க்கின் கோடு பதிந்திருக்க:
"குடுவையை முன்னாடி பாக்காதவன் உள்ள வந்தா
அவனுக்கு வெறும் மேசைதானே மேடம்?"
நாளை சொல்கிறேன் என்றேன்.
ரயில்வே அணித் தேர்வுக்குப் போனவன்
அதன்பிறகு வரவில்லை.
பதிலும்தான்.

"அபராதத்தோட நூத்தி எழுபது" என்று எபனேசர்
'இழப்புக்கான காரணம்' என்ற கட்டத்தைக் காட்டினார்.
உடைந்ததா, யாராவது எடுத்தார்களா?
பைக்குள் போட்டது வரைதான் தெரியும்.
பேனா காகிதத்தின் மேல் நின்றது.
"ரொம்ப யோசிக்காதீங்க மேடம்.
காணோம்னு எழுதுங்க. எல்லாரும் அதான் எழுதுவாங்க."

காணோம்.
மூன்றெழுத்து. கட்டத்துக்குள் அடங்கியது.

இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
மேசை இழுப்பறையைத் திறந்தார், சட்டைப்பையைத் தடவினார்.
"முப்பது ரூபா சில்லறை இல்லியே.
திங்கட்கிழமை வாங்கிக்கிறீங்களா?"

இருக்கட்டும், என்றேன்.